மாப்பிள்ளை, கேரவன், காயப்போட்ட நெல்

போன வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

நான் ஒரு சானல் கரையில் இருந்தேன். சானல் என்றால் எங்கள் ஊரில் பாசனக் கால்வாய். கூடவே ஒரு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை, பட்டு வேட்டி கட்டிய ஒரு மாப்பிள்ளை. எல்லாம் ஒரே வண்டிக்குள். முகூர்த்தம் பதினொன்றேகால் வரைக்கும்தான்.

மாப்பிள்ளை என் மனைவி பகவதியின் தம்பி மணிகண்டன். பத்து வருஷமாக வளைகுடாவில் வேலை. அங்கே லீவு நாளில் கேரவனைக் கிளப்பிக்கொண்டு பாலைவனத்துக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன். "அத்தான், என் கல்யாணத்துக்கு நான் கேரவன்லதான் போவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். யானை கேட்காமல் விட்டானே என்று வீட்டில் சம்மதித்தோம். எங்கிருந்தோ வாடகைக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அதோடு பிஜு என்று ஒரு டிரைவர். எது சொன்னாலும் "சரி சார்" மட்டும் சொல்லுகிற புண்ணியவான்.

தக்கலையில் புறப்பாடு. தாழக்குடிப் பக்கம் மண்டபம். சொந்தக்காரர்கள் எல்லோரும் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். கேரவனில் மாப்பிள்ளை, தாலி, கூறைப்புடவை, சீர்த்தட்டுகள், பகவதி. மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்காள் போட வேண்டியதல்லவா? ஆக, கல்யாணத்துக்கு அவசியமான எல்லாமும் இந்த வண்டியில்தான். அவசியமே இல்லாத ஆளாக நான் ஒருவன்.

அதனால்தான் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள் — வழி சொல்வது.

கேட்கவா வேண்டும்? முன் சீட்டில் உட்கார்ந்து விமானி மாதிரி எல்லாவற்றையும் பரப்பினேன். கண்ணாடியில் ஒட்டிய ஜிபிஎஸ் கருவி — மணிகண்டன் கொண்டு வந்தது. அதில் ஓர் ஆங்கில அம்மா பேசுவாள். என் போனில் ஒரு தமிழ் அம்மா. பின் சீட்டில் பகவதி. மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள்.

ஆங்கில அம்மாவின் மேப் பழையது. நாலுவழிச் சாலை போட்ட சேதி அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நாங்கள் யாரோ ஒருத்தருடைய தென்னந்தோப்புக்குள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதாகவே அவள் கடைசிவரை நம்பினாள். பாவம், ரொம்பப் பதறினாள். அவளை ஆஃப் பண்ணினேன்.

பார்வதிபுரம் தாண்டினதும் நெரிசல். தமிழ் அம்மா உடனே ஒரு குறுக்குவழி காட்டினாள். பதினோரு நிமிடம் மிச்சமாம்.

"பஸ் போன வழியே போனாப் போதாதா?" என்றாள் பகவதி.

"பஸ்ஸுக்கு சாட்டிலைட் உண்டா?" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறக்க விடமாட்டார்கள்.

முதலில் ரோட்டின் நடுக்கோடு காணாமல் போனது. அப்புறம் ரோட்டின் பாதி அகலம் காணாமல் போனது. ஒரு பக்கம் சானல், மறு பக்கம் வயல், நடுவில் எங்கள் வீடு. பிஜு இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினார். கொஞ்சம் போனதும் ரோடே காணாமல் போனது.

இருந்தது. ஆனால் நெல்லுக்கு அடியில் இருந்தது.

ஆவணி மாசம், கன்னிப்பூ என்கிற முதல் போக அறுவடை. ரோடு என்பது வண்டி போவதற்கு என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். அறுவடை சமயத்தில் எங்கள் ஊர்களில் ரோடுதான் களம். நூறடி நீளத்துக்குப் பொன்னாக நெல்லைப் பரப்பியிருந்தார்கள்.

"நேராகச் செல்லவும்" என்றாள் தமிழ் அம்மா.

தலையில் துண்டு கட்டிய ஒருத்தர் நெல் தள்ளும் பலகையோடு வந்தார். பெயர் தாணு என்று பிறகு தெரிந்தது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஓய், சினிமாக்காரங்க வண்டியா?"

"கல்யாண வண்டி."

"கல்யாணத்துக்குப் போகதுக்கு எதுக்குவே கட்டிலு?"

மணிகண்டன் சீர்த்தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வழி விடணும். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றேன். "பின்னால எடுக்கவும் முடியாது."

"பின்னால எடுத்தா நேரா சானல்லதான். சரி, யாரு வீட்டுக்குப் போறிய?"

இதைக் கவனியுங்கள். மேப் என்ன கேட்கிறது? எங்கே போக வேண்டும்? நம் ஆட்கள் கேட்பது — யார் வீட்டுக்கு? ஊரே தெரியாமல் வந்தாலும் ஆளைத் தெரிந்தால் போதும், கொண்டு சேர்த்துவிடுவார்கள். நான் பெண்ணின் அப்பா பெயரைச் சொன்னேன்.

"நம்ம ஆறுமுகம் மவளா? எனக்கும் கல்யாண விளி உண்டுவே. நெல்லு கெடக்கேன்னு வீட்டுக்காரிய அனுப்பிட்டு நான் இங்க நிக்கேன். மாப்பிள எங்க?"

மாப்பிள்ளை இறங்கினான். தாணு அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். பலகையை அவன் கையில் கொடுத்தார். "தள்ளு மக்கா."

அப்புறம் நடந்ததை வீடியோ எடுக்காமல் போனேனே. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்லை ஓரமாகத் தள்ளினான். பகவதி பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தால் கூட்டினாள். பிஜு முதல் தடவையாக "சரி சார்" இல்லாமல் வேறொன்று சொன்னார். மலையாளத்தில் சொன்னார். நான் அர்த்தம் கேட்டுக்கொள்ளவில்லை.

நடுவில் பெண் வீட்டிலிருந்து போன். "பஸ் வந்தாச்சு. மாப்பிள்ளைதான் வரல்ல."

"நெல்லு தள்ளிக்கிட்டிருக்கான்" என்றாள் பகவதி. போனை வைத்துவிட்டு மறுபடி துடைப்பத்தை எடுத்தாள்.

பத்து முப்பத்தைந்துக்கு வழி கிடைத்தது. வண்டியில் ஏறப் போனோம். தாணு அண்ணாச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"இனி எப்பிடிப் போவிய?"

போனைக் காட்டினேன்.

"சவத்தத் தூரப் போடும். அங்க கோயில் கொடைக்கு வளைவு கெட்டியிருக்கு, உங்க வண்டி தலை முட்டும். அடுத்த முக்குல திரும்பினா கலுங்குப் பாலம், தாங்காது. செம்பகம் வீட்டு முக்குல திரும்பி, பழைய ரேஷன் கடை கழிஞ்சு…" சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உமக்கு வெளங்காது. நான் கூட வந்தாத்தான் ஆவும்."

"அப்போ வாங்க அண்ணாச்சி."

"நெல்ல யாரு பாக்கது? கோழி வரும், மாடு வரும்."

பிஜு வண்டி ஓட்ட வேண்டும். மணிகண்டன் தாலி கட்ட வேண்டும். பகவதி முடிச்சுப் போட வேண்டும்.

மூன்று பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"அத்தான்" என்றான் மணிகண்டன், ரொம்ப மரியாதையாக.

தாணு அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒரு கம்பை என் கையில் கொடுத்தார். "இடைக்கிடை காலால கிளறி விடும்." வண்டி போய்விட்டது. இருபத்தாறு வருஷம் முன்பு பகவதிக்குத் தாலி கட்டிய நான், அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகன், பட்டுச் சட்டையோடு, கோழி விரட்ட ஆவணி வெயிலில் நின்றேன்.

நல்லவேளை, பகவதியின் போனில் லைவ் லொக்கேஷன் போட்டு வைத்திருந்தேன். என் போனில் அவள் ஒரு புள்ளியாக நகர்ந்தாள். புள்ளி வளைந்தது, நெளிந்தது. மேப்பில் ரோடே இல்லாத இடத்தில் எல்லாம் போனது. ஒரு இடத்தில் ஒரு குளத்தின் நடுவில் நின்றது. நாலு நிமிடம் அசையவில்லை. அப்புறம் குளத்திலிருந்து ஏறி நடந்தது.

அந்த நாலு நிமிடத்தில்தான் போனின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்கள் — கார், பஸ், பைக். பைக்கில் வெளிச்சம்.

முந்தின நாள் தோவாளையில் மாலைக்குச் சொல்லப் போனபோது என் ஸ்கூட்டருக்காக வைத்தது. மாற்ற மறந்துவிட்டேன். தமிழ் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு ஸ்கூட்டருக்கு எது நல்ல வழியோ அதை உண்மையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஸ்கூட்டருக்குள் ஃபிரிட்ஜும் கட்டிலும் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் பகவதி படிப்பதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன். நமக்குள் இருக்கட்டும்.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் புள்ளி மண்டபத்தில் போய் நின்றது. கும்பிட்டேன் — போனை அல்ல, தாணு அண்ணாச்சியை.

பதினொன்று ஐந்து. வயலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் மெல்லக் கேட்டது. திடீரென்று கெட்டிமேளம். நான் ஒருத்தன் மட்டும் அங்கே, கையில் அட்சதை இல்லாமல். சுற்றிலும் பார்த்தேன். இவ்வளவு நெல் கிடக்கிறதே? ஒரு பிடி அள்ளி, சத்தம் வந்த திசையைப் பார்த்து வீசினேன். கண் கொஞ்சம் கலங்கியது. தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே பகவதி போட்டோ அனுப்பினாள். மூன்றாவது முடிச்சுப் போடுகிறாள், கொண்டையில் மல்லிகையோடு ஒரு வைக்கோல் துரும்பு. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதியம் தாணு அண்ணாச்சி திரும்பி வந்தார். கையில் தூக்குப் பாத்திரம் நிறைய அடைப்பிரதமன் பாயசம், எனக்கு. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஓய், உம்ம கண்ணு எங்கவே இருந்துது?"

திரும்பினேன். பதினான்கு கோழிகள், பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக.

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என் மனைவி நிற்கிற இடத்தை அடி பிசகாமல் காட்டின போன், என் முதுகுக்குப் பின்னால் கோழி நிற்பதை மட்டும் சொல்லவே இல்லை.