இரண்டு முறை எழுதிய எம்.எம்.ஆர்.

என் கடைக்குட்டி மகளுக்குப் போடவேண்டிய ஊசியை அச்சுப்பிழை என்று சொல்லித் தள்ளுபடி செய்தவன் நான். டொக்டரைக் கேட்கவில்லை, மனைவியைக் கேட்கவில்லை. நானே விசாரித்து நானே தீர்ப்பும் கொடுத்தேன்.

துறைமுகக் கரையில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்து, பக்கத்தில் பதிவு எழுத்துகளை எழுதிக்கொடுப்பது என் தொழில். ஒரே பதிவு இரண்டு வள்ளத்தில் இருந்தால் அதில் ஒன்று கள்ளம். கடற்படைக்காரர் பிடித்தால் எழுதினவனையும் சேர்த்துத்தான் விசாரிப்பார்கள். இந்தப் பயத்திலேயே தலை நரைத்தவன் நான்.

கிளிவெட்டியில் தமக்கைக்குச் சுகமில்லை என்று மனைவி புறப்பட்டபோது மகளின் கிளினிக் அட்டையை என் கையில் வைத்து, "புதன்கிழமை மூண்டு வயசு ஊசி. மறந்திடாதேங்கோ" என்றாள். மூத்த பிள்ளைகளின் ஊசிகளெல்லாம் அவள் பார்த்த காரியம். நான் அந்த அட்டையை விரித்ததே அன்றுதான். ஒன்பதாம் மாதத்துக்கு நேரே எம்.எம்.ஆர். போட்டாயிற்று என்று கையெழுத்தும் இருந்தது. மூன்று வயதுக்கு நேரே மறுபடியும் எம்.எம்.ஆர். அச்சடித்தவன் நித்திரை போலும் என்று சிரித்துக்கொண்டேன். பிழை பிடித்த பெருமையில் புதன்கிழமை முழுக்க ஒரு வள்ளத்துக்கு நீலம் அடித்தேன். மனைவி போனில் கேட்டபோது, "ஓம், போட்டாச்சு" என்றேன். பொய் சொல்வதாகத் தோன்றவேயில்லை.

அடுத்த கிழமை ஒழுங்கை முனை வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. சின்னமுத்து என்றார்கள். முந்தினநாள்தான் என் மகள் அந்த வீட்டு வாசலில் மண்சோறு ஆக்கி விளையாடியிருந்தாள்.

மறுநாள் காலையில் எங்கள் பகுதிக் குடும்பநல மாது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கிளினிக்குக்கு வராத பிள்ளைகளை அவர் விடமாட்டார்.

"அண்ணா, பிள்ளையை ஏன் கொண்டுவரேல்ல?"

"அது ஒருக்காப் போட்டதுதானே மிஸ். அட்டையில தெரியாமல் ரெண்டு தரம் அடிச்சுப்போட்டாங்கள்."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டிலில் கொழுவினார். "முதல் ஊசி எல்லாப் பிள்ளைக்கும் உடம்பில பிடிக்காது. ஆருக்குப் பிடிக்கேல்லையெண்டு முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. அதுதான் எல்லாருக்கும் ரெண்டாவது. உங்கட மகளுக்குப் பிடிச்சிருக்கோ இல்லையோ, எனக்கும் தெரியாது."

மகள் ஒழுங்கை முனை வீட்டு வாசலில் விளையாடியதைச் சொன்னேன்.

"இண்டைக்குக் கிண்ணியாவில கிளினிக். நான் கோல் பண்ணிச் சொல்லிவிடுறன். கெதியாப் போட்டால் நல்லது. பெயின்ற் கையைக் கழுவுங்கோ."

மண்ணெண்ணெயில் கை கழுவியபடியே, அந்த எழுத்துகள் என்ன என்று கேட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஆனால் மகளுக்குத் தலைசீவிக்கொண்டே சொன்னார். முதல் எம் மீசில்ஸ், அதுதான் சின்னமுத்து. மற்ற எம் மம்ப்ஸ், கன்னம் வீங்கும் கூகைக்கட்டு. ஆர் ருபெல்லா; கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். டி.பி.ரி.யில் டி டிப்தீரியா என்ற தொண்டைக்கரப்பன், பி குக்கல் இருமல், ரி ரெட்டனஸ் என்ற ஏற்புவலி. ஓ.பி.வி.யில் ஓ என்றால் வாயால் கொடுப்பது, போலியோ சொட்டு. பி.சி.ஜி. பிறந்தவுடன் கசத்துக்கு, அதாவது காசநோய்க்குப் போடுவது.

"உங்கட தோளிலயும் அந்தத் தழும்பு இருக்கும், பாருங்கோ" என்றார். இருந்தது. இவ்வளவு காலமும் அதைச் சின்ன வயதில் விழுந்த காயம் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தவன் நான்.

மகளை முன்னுக்கு இருத்திப் பாலத்தால் மோட்டார்சைக்கிளில் போகும்போது எனக்கு அந்த அட்டையின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. நான் முழங்கை நீளத்துக்கு எழுதுகிற எழுத்து, வள்ளம் எந்த ஊர் என்று மட்டும்தான் சொல்லும். இங்கே எறும்பளவு எழுத்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கொடிய வருத்தத்தை யாரோ பிடித்து அடைத்திருக்கிறார்கள். அதை அடைத்தவர்களையும், அதற்காக ஒழுங்கை ஒழுங்கையாக வெயிலில் திரிகிற அந்த மிஸ்ஸையும் நினைத்துக்கொண்டு போனேன்.

கிண்ணியாவில் மகள் அழுதாள். ஊசி போட்டவர் சிரித்தார். பிறகு வந்த நாட்களில் மகளைக் குளிக்கவார்க்கும்போதெல்லாம் முதுகில் பொட்டுத் தேடினேன். நுளம்பு கடித்த தடிப்பைக் கண்டும் நடுங்கினேன். ஒன்றும் வரவில்லை.

மனைவி திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ஒரே எழுத்து இரண்டு தரம் இருந்ததால் அப்படி யோசித்தேன் என்று விளக்கமும் கொடுத்தேன். அவள் மகளின் கையைத் திருப்பி ஊசி போட்ட இடத்தைப் பார்த்தாள்.

"உங்களை ஆர் யோசிக்கச் சொன்னது? கூட்டிக்கொண்டு போகச் சொல்லித்தான் கேட்டனான்."