நீச்சல் தெரியாத தூத்துக்குடிக்காரி

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக் கழகம் ஒன்றில், சேர விரும்பும் மாணவர்கள் ஒருநாள் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். தூத்துக்குடி மில்லர்புரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் அப்பா, கடையை அடைத்துவிட்டு என்னுடன் வந்தார். நேரில் பார்த்தால் என் ஆசை விட்டுப்போகும் என்பது அவர் கணக்கு. எனக்கோ ஆவலில் ரயிலில் உட்காரவே முடியவில்லை.

எங்களைச் சுற்றிக்காட்ட வந்தவர் அங்கே மூன்றாம் ஆண்டு பயிலும் ஓர் அக்கா. அவரும் தமிழ்தான். என் ஊரைக் கேட்டார்.

"தூத்துக்குடியா? அப்ப மீன் மாதிரி நீந்துவியே!"

"ஆமாக்கா." யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கப்பல் ஓட்டப் பழகும் அறைக்குள் நுழைந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. மூன்று பக்கமும் பெரிய திரைகளில் கடல். சுக்கானைத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். கடல் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் வீலென்று கத்திவிட்டேன்.

கடைசியாக நீச்சல் குளம். பத்து மீட்டர் உயரப் பலகையிலிருந்து ஒருவர் குதித்தார். "சேர்ந்தா எல்லாரும் இங்கருந்து குதிக்கணும்" என்றார் அக்கா.

அப்பாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "இவளுக்கு நீச்சலே தெரியாதும்மா. கடலுக்குப் போனா முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு கூப்பாடு போடுவா."

எனக்கு முகம் எரிந்தது. அக்கா சிரித்துவிட்டார். "எனக்கு தர்மபுரி அங்கிள். இங்க வந்துதான் கடலையே பாத்தேன். முதல் தடவை மேல நின்னு அழுதேன். எனக்குப் பின்னாடி படிக்கட்டு பூரா ஆளுங்க. இறங்க வழியில்ல, குதிச்சுட்டேன்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். சாப்பாடு எப்படி, வீட்டுக்கு எப்போது பேசலாம், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள். மகளை அனுப்பப் போகிறவர் கேட்கும் கேள்விகள்.

திரும்பும்போது ரயிலில் சொன்னார்: "ஏளா, பொய் சொல்லிட்டேல்லா. அத உண்மையாக்கிரு. ஊருக்குப் போனதும் நீச்சல் வகுப்புல சேரு."

சேர்ந்தேன். என் இடுப்புயரப் பிள்ளைகளோடு தண்ணீர் குடித்தேன். எழுத்துத் தேர்வில் முதல்முறை தவறி, அடுத்தமுறை தேறினேன். நேர்முகமும் முடிந்து சேர்க்கைக் கடிதம் வந்த அன்று, கடைக்கு ஆணி வாங்க வந்தவரிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணாச்சி, எம் மவ கப்பல் ஓட்டப் போறா."