வில்லனுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்

அன்றைக்கு எங்கள் ஊரார் அந்த மனிதரை உண்மையிலேயே கெட்டவர் என்று நம்பித்தான் ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்களா? இல்லை, அவர் நடிகர்தான் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அவர்களும் சற்று நேரம் நடித்துப் பார்த்தார்களா? அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது முப்பத்திரண்டு. இன்னும் விடை தெரியவில்லை. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். போன வியாழக்கிழமை ஒரு மை டப்பியைத் திறக்கப்போய் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

என் மகன் கவினுக்கு ஆறு வயது. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவன்தான் மரம்வெட்டி. மற்ற பிள்ளைகள் மரங்கள். இவன் கோடாரியோடு வந்து, இடுப்பில் கை வைத்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு மரமாக வெட்டிச் சாய்க்க வேண்டும். கடைசியில் காட்டு மிருகங்கள் எல்லாம் சேர்ந்து அவனைத் துரத்திவிடும். ஒத்திகைக்கு மீசை வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார் அவனுடைய மிஸ். வீட்டில் இருந்த மை, அவன் கைக்குழந்தையாக இருந்தபோது திருஷ்டிப் பொட்டு வைத்த மைதான். டப்பியைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை. யார் கண்ணும் படக்கூடாது என்று கன்னத்தில் வைத்த அதே மையால், எல்லோரும் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று மீசை வரைந்துகொண்டிருந்தேன். இது சரிதானா என்று அப்போதே ஒரு யோசனை ஓடியது. எனக்கு எதிலும் ஒரு யோசனை ஓடும். பால் சூடாக இருந்தாலும் ஓடும், ஆறியிருந்தாலும் ஓடும்.

சாயங்காலம் கவின் பாதி அழிந்த மீசையோடு வந்தான். சாப்பாட்டு டப்பா அப்படியே இருந்தது.

"இன்னாடா, சாப்பிடலியா?"

"யாழினி என்கூட உக்கார மாட்டேன்னுட்டாமா. நீ என்ன வெட்னவன்தானேன்றா."

யாழினி நாடகத்தில் நெல்லி மரம். மற்ற நாட்களில் இவனுடைய உயிர்த் தோழி. இவன் தோசையில் பாதி அவளுக்கு, அவள் சுண்டலில் பாதி இவனுக்கு. மற்ற மரங்களும் அவளோடு தள்ளி உட்கார்ந்துவிட்டனவாம். அப்படியானால் அந்த வேஷம் வேண்டாம் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"வாணாம். நான் வுட மாட்டேன். அந்தச் சிரிப்பு எனக்குத்தான்மா நல்லா வருது."

அந்த மீசையையும் கண்ணீரையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது.

என் அப்பா மலையில் ஜீப் ஓட்டியவர். திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் இடையில் ஆட்களும் மூட்டைகளுமாக ஏற்றிக்கொண்டு போய் வருவார். புளிக் காலத்தில் ஜீப் முழுக்கப் புளிப்பு, பலாக் காலத்தில் முழுக்க இனிப்பு. என் பள்ளிச் சீருடையை மோந்து பார்த்தே எங்கள் டீச்சர் இது எந்த மாதம் என்று சொல்லிவிடுவார். சாமை அறுவடை முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கீழேயிருந்து டி.வி., டெக், கேசட் எல்லாம் வாடகைக்கு எடுத்து வருவார். ஊர்ப் பொதுக்கட்டடத்தின் ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, நல்ல வெயில் நேரத்தில் இருட்டை உண்டாக்கிப் படம் பார்ப்போம். புதுப்பட கேசட்டுகள் டவுனை விட்டு நகராது. எங்களுக்குக் கிடைத்தவை நான் பிறப்பதற்கு முன்பே ஓடி முடிந்த எண்பதுகளின் படங்கள்.

அந்தப் படங்களின் கதாநாயகர்கள் எனக்கு ஒருவர்போல ஒருவராகத்தான் தெரிந்தார்கள். வில்லன்கள் அப்படியில்லை. வெள்ளைக் கோட்டும் வெள்ளை ஷூவும் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர் ஒருவர். நாற்காலியோடு மெதுவாகத் திரும்பி, மடியில் இருக்கும் முயலைத் தடவியபடி கொலைக்கு உத்தரவு போடுகிறவர் ஒருவர். கிராமத்துப் படமென்றால் தங்கப்பல். அவர்கள் இருக்கும் இடத்தில் சுவர் தானாகத் திறக்கும், கலர் கலராகப் பல்புகள் காரணமே இல்லாமல் எரிந்து எரிந்து அணையும். அந்த பல்புகள் எதற்கு என்று யாருமே சொல்லவில்லை. மூலையில் அடுக்கியிருக்கும் பீப்பாய்களில் என்ன இருக்கிறது? அடியாட்கள் எல்லோரும் ஏன் கோடு போட்ட பனியன் போட்டிருக்கிறார்கள்? சண்டை முடிந்த பிறகு அந்த முயலுக்கு யார் கீரை போடுவார்கள்? நான் படம் பார்த்ததே இந்தச் சந்தேகங்களுக்காகத்தான்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சந்தேகமே கிடையாது. வில்லன் திரையில் வந்ததும் விரலை மடக்கி நெட்டி முறித்துச் சபிப்பார்கள். அவர்களில் முதல் ஆள் குப்பம்மா அத்தை. ஒருமுறை அவர் புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு வந்து, வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு கிழவியை மாடிப்படியில் தள்ளிவிட்டபோது, சாமை உமியை ஒரு கை அள்ளி டி.வி. மேல் வீசிவிட்டார்.

அப்பா துண்டால் துடைத்துக்கொண்டே கெஞ்சினார். "அத்த, இது வாடகைப் பொட்டி. நீ வுடற சாபம் அவன் மேல வுழாது, என் மேலதான் வுழும்."

அந்த வெள்ளைக் கோட்டுக்காரர்தான் ஒரு நாள் காலை எங்கள் ஜீப்பில் ஏறினார். கோட்டு இல்லை. கசங்கிய வேட்டி, நரைத்த முடி, தோளிலிருந்து துண்டில் தொட்டில் கட்டிய கை. எங்கள் ஊர்க் கவுண்டர் எலும்பு முறிவுக்குப் பச்சிலைக் கட்டு போடுவதில் கீழ்நாடு வரை பேர் வாங்கியவர். அவரைத் தேடி வந்திருந்தார். மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன படிக்கிற பாப்பா?" என்று கேட்டார். தலை திரும்புவதற்கு முன்பே கண் மட்டும் திரும்பியது. அதிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். கடலை மிட்டாய் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஒரு படத்தில் அவர் பாலில் விஷம் கலந்தது ஞாபகம் வந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் அதை வெளியே வீசிவிட்டேன். இன்றைக்கும் கடலை மிட்டாய் சாப்பிடும்போது அந்த வளைவு கண்ணில் வந்து போகிறது.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. பலா மரத்தடியில் பெண்கள் வழிமறித்து நின்றார்கள். எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தப்பு செய்தவர் ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். கோயிலுக்குத் தேங்காயும் கற்பூரமும் தண்டம். பிறகு ஊர் அவருக்குத் தண்ணீர் கொடுக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டால் எல்லைக் கல்லுக்கு உள்ளே யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. எடுத்தால் எடுத்தவருக்குத் தண்டம்.

கவுண்டர் சங்கடத்தோடு சொன்னார். "கட்டு போட்டுடலாங்க. ஆனா ஊரு ஒத்துக்கணும். பொம்பளைங்க ஒத்துக்க மாட்றாங்க."

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"இன்னாவா?" குப்பம்மா அத்தை முன்னால் வந்தார். "அந்தக் கெழவிய மாடியிலருந்து உருட்டி வுட்டியே, அது இன்னா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜீப் டயரைப் பார்த்தார். பெரியவர் அத்தையின் பக்கம் திரும்பி, "ஆமா, உருட்டுனேன்" என்றார்.

"ஏழைங்க குடிசையெல்லாம் கொளுத்தினியே?"

"கொளுத்துனேன்."

"கண்ணு தெரியாத பொண்ணு, அது கையில இருந்த கோல வாங்கி ஒடச்சியே?"

அவர் நிமிர்ந்தார். "அது நான் இல்லம்மா. அது கன்னத்துல தழும்பு வச்சிருப்பாரே, அவரு."

"ரெண்டு பேரும் ஒரே கும்பல்தானே!"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவன் போய்ச் சேர்ந்துட்டான்மா. அவனுக்கும் சேர்த்து நானே விழுந்துடறேன்" என்றார்.

அவர் ஒரு கையை மட்டும் ஊன்றி, மெல்ல மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார். நீட்டி விழ அவரால் முடியவில்லை. குப்பம்மா அத்தைதான் ஓடிப்போய்த் தூக்கினார். "ஏந்திரி, ஏந்திரி, கையி!" என்று அவரைத் திட்டினார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் அத்தைதான். அன்று மத்தியானம் அத்தை வீட்டில் அவருக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார் என்று அத்தை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டு மாற்ற அவர் பலமுறை வந்தார். எனக்கோ கேட்பதற்கு அவ்வளவு கேள்விகள். ஊருக்குள் கேட்க முடியாது, தண்டம். ஒரு முறை ஜீப் இறங்கும்போது எல்லைக் கல் தாண்டியதும் அவரே திரும்பினார். "தாண்டியாச்சு. இப்ப கேளு."

கேட்டேன். சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்று கயிறு இழுப்பார்களாம். பீப்பாய்கள் எல்லாம் காலியாம். ஆனாலும் விளிம்பு கிழிக்குமாம், முழங்கையைக் காட்டினார். மாடிப்படியில் உருண்டது கிழவி இல்லை, சேலை கட்டிய ஒரு மீசைக்கார சண்டை நடிகர். உருளுவதற்கு முன்னால் அவருக்கு இவர் தலைகாணி வைத்துக் கட்டிவிட்டாராம். அந்த வில்லன் சிரிப்பை இவர் வீட்டில் பழகும்போது மனைவி ஜன்னல்களைச் சாத்திவிடுவாராம். "பக்கத்து வீட்டுக் குழந்தைங்க எங்க வீட்டுக்கு விளையாட வரமாட்டாங்க. என் பொண்ணு அதுக்காக ஒரு வாரம் என்கூடப் பேசல" என்றார். முயலைப் பற்றியும் கேட்டேன். அதை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாராம். மகளைச் சமாதானப்படுத்த. பேசினாளா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் நடித்த படம் ஒன்று வந்தது. வேடிக்கையைக் கேளுங்கள். அவர் திரையில் வந்தார், யாரும் வாயைத் திறக்க முடியவில்லை. திட்டினால் தண்டம். அத்தனை பெண்களும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் படத்தில் குப்பம்மா அத்தை "அடப்பாவி" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு தேங்காய். திட்ட முடியாததால் வேறு வழியின்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "தலைய அப்பிடியே வச்சிக்கினு கண்ண மட்டும் திருப்புறான் பாரேன்" என்றார் ஒருவர். "அவன அட்ச்சிட்டு கைய ஒதறிக்கிறான், வலிக்குது போல" என்றார் இன்னொருவர். ஒருவர் நடிப்பதை எங்கள் ஊர் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அல்லது, முன்பே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களோ என்னவோ.

வியாழன் இரவே அப்பாவுக்கு போன் செய்தேன். "அப்பா, அன்னிக்கு நெசமாவே நம்பித்தான் அவர நிறுத்துனீங்களா?"

"அத பேசக்கூடாதுன்னுதானே தண்ணி குடுத்தோம்?"

"நான் புதூர்நாட்டுல இருக்கேன்பா. எல்லைக்கு வெளியே."

"நான் உள்ளதான நிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

குப்பம்மா அத்தை இப்போது இல்லை. பலா மரத்தடியில் கூட்டம் கூடுவதும் இல்லை, சண்டை என்றால் நேராக ஸ்டேஷன். எல்லைக் கல் ரோடு அகலமானபோது எங்கேயோ போய்விட்டது. அந்த மாதிரிச் சிரிக்கிற வில்லன்களும் இல்லை. இப்போதைய படங்களில் வில்லன் மெதுவாகத்தான் பேசுகிறான். முன்பு வில்லன் செய்ததைக் கதாநாயகனே செய்கிறான். யாரும் உமி அள்ளி வீசுவதில்லை, போனில் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறார்கள். அந்தப் பெரியவரின் பேரைப் போட்டு ஒருநாள் தேடினேன். கூட்டத்தில் பின்னால் நிற்கும் ஒரே ஒரு மங்கலான படம்தான் கிடைத்தது. கண் மட்டும் திரும்பியிருந்தது.

கவினுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கண் விரியக் கேட்டுவிட்டு, "அப்போ நானும் யாழினி முன்னாடி வுழுந்துட்டா, அவ தண்ணி குடுப்பாளா?" என்றான். நாடகத்தின் முடிவில் துரத்துவதற்குப் பதிலாக இப்படி ஒரு காட்சி வைக்கலாமே என்று மிஸ்ஸிடம் கேட்க நினைத்தேன். மரங்கள் எல்லாம் சேர்ந்து தண்ணீர் கொடுக்கட்டும், அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெரியவருக்கு வயது இருந்தது. செய்யாத தப்புக்கு, இறந்துபோன இன்னொருவனுக்கும் சேர்த்து, தெரிந்தேதான் விழுந்தார். ஆறு வயதுப் பிள்ளையை விழச் சொன்னால், நன்றாக நடித்ததையே தப்பு என்று நினைத்துக்கொள்ள மாட்டானா? சொல்லாமல் விட்டால், தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நடிப்புக்குக் கூலி என்று நினைத்துக்கொள்வானா? "ரெண்டு நாள்ல பசங்க மறந்துடுவாங்க, நீதான் மறக்க மாட்ட" என்கிறார் என் கணவர். அதுவும் உண்மைதான்.

திங்கட்கிழமை அடுத்த ஒத்திகை, அதற்குள் மிஸ்ஸிடம் கேட்பதா என்று முடிவு செய்ய வேண்டும். பக்கத்து அறையில் கவின் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருக்கிறான். நன்றாகத்தான் வருகிறது. இவ்வளவு தூரம் படித்த நீங்களே சொல்லுங்கள். அவன் விழட்டுமா, வேண்டாமா? அதுவரை ஜன்னலைச் சாத்தாமல் வைத்திருக்கிறேன்.