எழவு வீட்டுச் சேரும் ரெண்டு ஜன்னலும்

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் சுயம்புலிங்கத்துக்கு, ஊரில் எவன் கல்யாணம் பண்ணினாலும் சந்தோஷம், எவன் செத்தாலும் அதே சந்தோஷம். முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வார். கல்யாண வீட்டில் நெற்றி நிறையச் சந்தனம். எழவு வீட்டில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "சாகுற வயசா இது?" என்பார். செத்தவர் பேரனுக்கே பேரன் எடுத்தவராக இருப்பார்.

வாலிபத்தில் குமுளிக்குப் போகிற காய்கறி லாரியில் மூட்டை ஏற்றியவர். மாமனார் செத்த அன்றைக்குப் பந்தல்காரன் அடித்த கொள்ளையைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார்.

தொழிலில் ஒரே தொல்லை சிவப்பு சேர். நேற்று ஐஸ் பெட்டியைச் சுற்றிக் கிடந்த சேர்தான் இன்று சம்பந்தி வீட்டாருக்கு. நடுவில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிடி மஞ்சள்தூள். தீட்டு ஓடிப்போகும். எல்லாப் பந்தல்காரனும் செய்வதுதான், எவனும் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் கல்யாணக்காரர்கள் நோண்டி நோண்டிக் கேட்டார்கள். கல்யாணச் சாமான் வேறு, எழவுச் சாமான் வேறு என்று கம்ப்யூட்டரில் காட்டத்தான் தேனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஷீபாவைப் பிடித்தார்.

"ஜாங்கோன்னு ஒரு சாப்ட்வேர் அண்ணாச்சி, அதுல பண்ணித் தாரேன். உங்க சாமான் பூரா ஒரே மாடல்."

"மாடலா? பொம்பளப் படமெல்லாம் போட்டுறாத தாயி, குடும்பத்தோட வருவாக."

ஷீபா தலையில் அடித்துக்கொண்டாள். "மாடல்னா சாமான் விவரம் இருக்குற இடம். ஒரு வீடுன்னு வச்சுக்கங்க, அதுக்கு ரெண்டு ஜன்னல். 'மங்கலம்' பக்கத்துல பாத்தா கல்யாணத்துக்குப் போறது மட்டும் தெரியும். 'துக்கம்' பக்கத்துல எழவுக்குப் போறது மட்டும். சலிச்சுக் காட்டுறதுதேன். உள்ள ஒரே வீடு."

ஜன்னல் புரிந்தது. வீடு காதில் ஏறவில்லை. ஜாங்கோவை ஜாங்கிரியாக்கி, "நம்ம கடை இப்ப ஜாங்கிரியில ஓடுது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்போதுதான் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரி மொக்கம்மாள் கடையேறினாள். மகன் சுரேஷ்கண்ணன் கல்யாணத்துக்கு இவரிடம்தான் ஆர்டர் கொடுத்திருந்தாள். அவள் கைகாட்டுகிற பந்தல்காரனைத்தான் சுருளிப்பட்டியே கூப்பிடும். அவள் முகம் சுளித்தால் அந்த ஊருக்குள் சுயம்புலிங்கத்தின் வண்டிக்கு வேலையே இருக்காது.

"ஏப்பா சுயம்பு, சேரு எழவு வீட்டுக்குப் போனதில்லையே?"

"நா அப்படிப்பட்டவனாக்கா? மெசினே சொல்லும், பாருங்க." மங்கலம் பக்கத்தைத் திறந்தார். சிவப்பு சேர் ஜம்மென்று நின்றது.

"அங்கன துக்கம்னு போட்டுருக்கே, அதத் தொற."

திறந்தார். ஐஸ் பெட்டி. அதை ஒட்டி அதே சிவப்பு சேர்.

"இது என்னடா?"

"தப்பா ஏறிருச்சுக்கா. இந்தா, எடுத்துட்டேன் பாருங்க." சேரைத் தொட்டு அழிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டது. இங்கிலீஷில் எவன் எதைக் கேட்டாலும் ஆமாம் போடுவது அவர் வழக்கம். அமுக்கினார். சேர் மறைந்தது. "இனிமே எவன் செத்தாலும் நின்னுக்கிட்டுத்தேன் அழுகணும்."

மொக்கம்மாள் மனம் குளிர்ந்து கிளம்பினாள். எதிர் டீக்கடையைத் தாண்டவில்லை, அவள் போன் கூவியது. போன வேகத்தில் திரும்பினாள்.

"ஏலே! ஆர்டரு ரத்துன்னு வந்துருக்கு! பெத்தவ நா குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எம் மகன் கல்யாணத்த ரத்துப் பண்ண நீ யாருடா?"

சுயம்புலிங்கம் மங்கலம் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் சேர் இல்லை. ஷீபாவுக்குப் போன் போட்டவர், பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"துக்கத்துலதேன் அழிச்சேன் பாப்பா, மங்கலத்துல கையே வைக்கல!"

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே சேருதான! எந்த ஜன்னல் வழியா எடுத்தாலும் வீட்டுலருந்துதான போகும்? அந்தச் சேருக்குப் போட்ட ஆர்டரும் சேந்து போயிரும். அழிக்கவான்னு கேட்டுச்சே, படிச்சீகளா? சரி விடுங்க, நேத்து எடுத்த நகல் இருக்கு, திருப்பி ஏத்திருதேன்."

ஸ்பீக்கரில் வந்தது முழுக்க மொக்கம்மாள் காதிலும் விழுந்திருந்தது.

"ஒரே சேரா?" என்றாள் மொக்கம்மாள்.

இனி மென்று முழுங்கிப் பயனில்லை. "கழுவித்தேன்க்கா போடுவேன். மத்தவன் கழுவக்கூட மாட்டான்."

அவள் பக்கத்தில் கிடந்த சேரில் உட்காரப் போனாள், நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகூர்த்த மாதம், வேறு எவனிடமும் சேர் மிச்சமிருக்காது. முந்தானையை உதறிச் செருகினாள்.

"சரி. சேரு பூராத்தையும் பொண்ணு வீட்டுக்காரகளுக்குப் போட்டுரு, அவுக உக்காரட்டும். எங்க ஆளுக ஜமுக்காளத்துல உக்காந்துக்கிடுவோம்."

"மகராசியா இருங்கக்கா."

"ஜமுக்காளம் எழவு வீட்டுக்குப் போனதில்லையே?"

அந்த ஜமுக்காளத்தில் உருண்டு அழாதவர்கள் கம்பத்தில் கொஞ்சம் பேர்தான். சுயம்புலிங்கம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"பாப்பா, துக்கத்துல ஜமுக்காளம் தெரியக் கூடாது. அழிச்சிராத தாயி. ஜன்னல மட்டும் சாத்து."

பிறகு கல்யாண வீட்டு முகத்தை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஒரு டீ குடிங்கக்கா. மெசினே சொல்லும்."