என் பெயரில் இருந்த இணைப்பு

எங்கள் வீட்டு இணைய இணைப்பு என் பெயரில் இருக்கிறது. அதனால்தான் அன்று காலை வந்த இரண்டு போலீஸ்காரர்கள், வாசலில் நின்ற கணவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்கள். அரியூர் மருத்துவக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. கிளம்பிக்கொண்டிருந்தேன்.

மதகடிப்பட்டில் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு யாரோ போலிக் கணக்கிலிருந்து மாதக்கணக்கில் அசிங்கமான செய்திகளை அனுப்பியிருக்கிறான். அவள் புகார் கொடுத்தாள். விசாரித்ததில் அத்தனையும் எங்கள் வீட்டு இணைப்பு வழியாகப் போனது தெரிந்திருக்கிறது.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் கணவர். தப்புச் செய்யாதபோது எதற்கு வக்கீல்? லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நானே போனேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சத்தம் போடவில்லை. "லைன் உங்க பேர்ல இருக்குதும்மா. மொதல்ல பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்" என்றார். அது நியாயம்தான் என்று பட்டது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ரிப்போர்ட்டுக்கு நான்தானே பொறுப்பு.

அங்கிருந்தே இணைப்புக் கொடுத்த கேபிள்காரருக்குப் போன் செய்தேன். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஊர்ப் பெயரோடு ஒன்று இரண்டு மூன்று என்று ஒரே பாஸ்வேர்டைத்தான் போட்டிருக்கிறாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "லைன் இழுத்துக் குடுக்கறதோட என் வேல முடிஞ்சிதுக்கா. மாத்திக்கறது வூட்டுக்காரங்கதான்" என்றார். இணையக் கம்பெனிக்குக் கூப்பிட்டால், எல்லாம் ரூட்டர் பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது என்றார்கள். அந்தப் புத்தகம் இரண்டு வருடமாகப் பரணில், உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

சாயங்காலம் அதை இறக்கிப் படித்தேன். அதில் சொன்னபடி போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் வீட்டில் நான்கு போன், ஒரு டிவி. பட்டியலில் ஒன்பது இருந்தன. தெரியாததையெல்லாம் உடனே நீக்கச் சொன்னார் கணவர். நான் விடவில்லை. முதலில் போலீஸ் பார்க்கட்டும் என்று படம் எடுத்து இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினேன். மறுநாள் அவர்களே வந்து குறித்துக்கொண்டார்கள்.

கூடுதலாக இருந்த நான்கில் மூன்று பக்கத்து வீட்டுப் போன்கள். கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். நான்காவது, எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த ஆளுடையது என்று பத்து நாளில் கண்டுபிடித்தார்கள். தினமும் என் மாமனாரிடம் நின்று மழை, நெல் என்று பேசிவிட்டுப் போகிறவன். அவனைப் பிடித்துக்கொண்டு போன அன்று மாமனார் சாப்பிடவில்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனபோது, புகார் கொடுத்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "உங்க வூட்டாளுங்கதான்னு நெனச்சி தெனம் திட்டிகினு இருந்தேன்க்கா" என்றாள்.

"அனுப்புனது நாங்க இல்லம்மா. ஆனா லைன பூட்டாம வுட்டது நாந்தான். மன்னிச்சிக்க" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரூட்டருக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரு வைஃபைக்கு இத்தனை பிகுவா என்று தெருவில் சொன்னாராம். நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மகளுக்குப் பரீட்சை முடியும் வரை விருந்தினருக்கென்று தனி வைஃபை ஒன்று போட்டுக் கொடுத்தேன். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகவே சொன்னேன். அவர் முகம் முழுதாக மலர இன்னும் நாளாகும். ஆகட்டும்.

கேபிள்காரரையும் விடவில்லை. புது இணைப்புக் கொடுத்தால் வீட்டுக்காரர் கையாலேயே பாஸ்வேர்டு போட வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றேன். நேரம் ஆகும் என்று முனகினார், ஆனால் இப்போது அப்படித்தான் செய்கிறார். பழைய இணைப்புகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நானே அவரைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பதினோரு வீடு. கடைசி வீட்டு ஐயா, பாஸ்வேர்டாக மனைவி பெயரையே போட்டுவிடலாமா என்று கேட்டார். கூடாது என்று நான் சொல்வதற்குள், அந்த அம்மா சமையலறையிலிருந்து வந்து போனை வாங்கி, எங்கள் யாருக்கும் தெரியாமல் திரும்பி நின்று எதையோ நீளமாகத் தட்டினார்.