இரண்டு சீட்டிலும் ஒரே சொல்

பிள்ளைகளே, உங்கள் அம்மா ஆண்டவருக்குள் இளைப்பாறப் போய் இன்றோடு ஒரு வருடம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் சபையாரும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எட்டாவது வரை படித்துவிட்டு அம்பத்தூரில் லேத் ஓட்டியவன் நான். என் மகனுக்கும் மகளுக்கும் சொல்ல வேண்டியதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா திருமுல்லைவாயிலில் பிறந்தார். பத்தாவது முடித்ததும் தையல் கற்றுக்கொண்டார். பெண் பார்க்க நான் போன அன்று, உங்கள் தாத்தா ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு சீட்டு எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து ஜெபம் செய்து உள்ளே அனுப்பினார். அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, “வேணும்னு வந்துகீதுப்பா” என்றார். நாங்கள் பட்டாபிராமுக்குக் குடி வந்தோம். ‘இவள் ஆண்டவர் சீட்டில் கொடுத்த மனைவி’ என்று வருடா வருடம் திருமண நாளில் சபையில் எழுந்து சாட்சி சொல்வேன். அப்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் கம்பெனியை மூடிய பிறகு நம் வீட்டைத் தூக்கி நிறுத்தியது அம்மாவின் மிஷின்தான். பள்ளிக்கூடச் சட்டைகளாகத் தைத்துத் தள்ளினார். மதியம் நான் படுத்திருப்பேன். அம்மா மிதிக்கும் சத்தமும், சென்ட்ரல் போகிற வண்டியின் சத்தமும் கலந்து வரும். மிஷின்தான் ஓடிப் போகிறதோ, ரயில்தான் தைக்கிறதோ என்று பாதித் தூக்கத்தில் குழம்பிக் கிடப்பேன். இன்றைக்கும் வண்டி போனால் அப்படித்தான் இருக்கிறது. கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் இருப்பேன்.

பிறகு நோய் வந்தது. ஆபரேஷன் செய்யலாம், அல்லது மாத்திரையோடு வீட்டில் இருக்கலாம், எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். பெரியவன் ஆபரேஷன் என்றான். பாப்பா வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நீங்கள் வார்த்தை விட்டீர்கள். “நீ அம்மாவ சாவ உட்றே” என்று அவன் சொன்னதும், “ஆண்டவர் சித்தத்துக்கு நீ யாரு குறுக்க?” என்று இவள் சொன்னதும் இன்னும் என் காதில் இருக்கிறது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து நீங்கள் ஒருவருக்கொருவர் பேசவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தச் சண்டைக்கு மறுநாள் மதியம் நான் இரண்டு சீட்டு எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். இன்னொன்றையும் பிரித்துவிட்டார்.

“இன்னாங்க இது? ரெண்டுத்துலயும் ‘ஆபரேஷன்’னே எழுதிகீது! ஆண்டவருக்கே போங்கு காட்றீங்களா?”

நான் அழுதுவிட்டேன்.

“அழுவாதீங்க. நான் மட்டும் யோக்கியமா? அன்னிக்கு எங்க ஊட்ல எனக்கு வந்தது ‘வேண்டாம்’தான். அப்பா சீட்ட காட்டுமான்னாரு. ரெண்டுத்தயும் வாயில போட்டு முழுங்கிட்டேன்.”

“இன்னாமே சொல்ற?”

“நீங்க வந்து குந்திகினு இருந்தப்ப என் மிஷின் கீச்சு கீச்சுன்னு கத்திச்சு. கேக்காம கொள்ளாம எண்ணெ டப்பாவ எடுத்து ரெண்டு சொட்டு உட்டீங்க. அத்த பாத்த அப்பால சீட்டு இன்னா சொன்னா எனக்கு இன்னா? ஒவ்வொரு வருசமும் நீங்க சாட்சி சொல்லும்போது எனக்குச் சிரிப்ப அடக்கவே முடியாது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. அப்படியானால் நாம் வாழ்ந்ததெல்லாம் ஆண்டவர் சித்தத்துக்கு விரோதமா என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை.

“பெரியவனோட வெள்ளச் சட்ட ஞாபகம் கீதா? கத்திரி எடறி நெஞ்சுல வெட்டிட்டேன். அந்த எடத்துல இன்னொரு பாக்கெட்டு வெச்சித் தெச்சேன். ஸ்கூலே எனக்கும் ரெண்டு பாக்கெட்டுனு கேட்டுச்சு. வெட்டுனது என் கை. ஆனா சட்ட வீணாப் போச்சா? நானே அவ்ளோ பண்ணா, அவுரு பண்ண மாட்டாரா?”

அப்புறம் சொன்னார்: “ஆபரேஷன் வாணாம், நான் ஊட்லயே இருந்துக்கிறேன். இத்த நான்தான் சொல்றேன். அவுரு தலையிலயும் போடாதீங்க, புள்ளைங்க தலையிலயும் போடாதீங்க.”

எல்லாம் முன்னமே அறிந்தவர் அவர் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். மனிதனுக்கு விருப்பத்தைக் கொடுத்தவரும் அவரே என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று விளங்க எனக்குப் படிப்பு போதாது. ஆனால் பிள்ளைகளே, நீங்கள் இருவரும் அம்மா அந்தச் சீட்டை முழுங்கியதால் பிறந்தவர்கள். உங்களைப் பார்த்து, இது ஆண்டவர் எண்ணாத காரியம் என்று சொல்ல என் நாக்கு எழும்பாது.

அம்மா ஏழு மாதம் வீட்டில் இருந்தார். பேத்திக்கு ஒரு கவுன் தைத்தார். கடைசிக் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வண்டி ஒன்று போனது. அது எந்த நிமிடம் என்று எனக்கே தெரியாது, அவ்வளவு மெதுவாகப் போய்விட்டார்.

அழைத்தபோதெல்லாம் வந்த ஆட்டோ தம்பிக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், எதிர்வீட்டு அம்மன் கோயில் பூசாரி குடும்பத்துக்கும், ஊசி போட வீடு தேடி வந்த சிஸ்டருக்கும் நான் என்ன சொல்வேன்! அம்மா இருந்தால் ஆளுக்கு ஒரு சட்டையோ ரவிக்கையோ தைத்துக் கொடுத்திருப்பார். எனக்குக் கைகூப்பத்தான் தெரியும்.

பெரியவனே, நீ அம்மாவைப் பிழைக்க வைக்கப் பார்த்தாய். நானும் அதைத்தான் பார்த்தேன், திருட்டுச் சீட்டு எழுதி. பாப்பா, சித்தம் என்ற சொல்லை அண்ணன் வாயை அடைக்க வைத்துக்கொள்ளாதே. முடிவு எடுத்தது அம்மா.

ஜெபம் முடிந்ததும் எல்லோரும் கல்லறைக்குப் போகிறோம். நீங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் வர வேண்டும். சீட்டு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.