நடைபாதையில் நெல்

கிளிநொச்சியில் ஒரு பூங்கா. மரம் ஒன்றுகூட இல்லை. காலை பத்து மணிக்கே உட்காரும் வாங்குகள் சுடுகின்றன. 'நடைப்பயிற்சிக்கு மட்டும்' என்ற பலகைக்குப் பின்னால் சீமெந்துப் பாதை முழுக்க அவித்த நெல் காய்கிறது. ஓர் அம்மா அதைக் காலால் கிளறியபடி சுற்றி வருகிறார்.

"இது நடக்கிற பாதையெல்லோ அம்மா?" என்று கேட்கிறேன்.

"ஓம் தம்பி, நானும் விடிய தொடக்கம் நடக்கிறன்தானே."

"நிழல் இருந்தால் சனம் வரும், என்ன?"

அவர் திடுக்கிட்டு நிற்கிறார். "ஐயோ, அந்தக் கதையை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. மரம் வைச்சினமெண்டால் நெல்லை எங்கை காயவிடுறது?"

பிறகு என் காலைப் பார்க்கிறார். "பின்னேரம் மழை வரும். சும்மா நிக்காமல் செருப்பைக் கழட்டிப்போட்டு ரெண்டு சுத்து நடவுங்கோ."

பூங்காவில் இப்போது இரண்டு பேர் நடைப்பயிற்சி செய்கிறோம்.